இடது பக்கத்து பீக்கர்

அக்கா மகள் உல்லாவை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடிப் பதினோரு நாளும் ஐந்து மணி நேரமும் ஆகியிருந்தன. சமையலறைக் கடிகாரம் இரண்டு அடித்தபோது சிக்னெ மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். குழந்தை நலக் குழுவிலிருந்து லாசென் அம்மாள் வருவதற்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

அக்கா டாக்னி மண்டியிட்டுத் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து மூன்றாவது முறை.

"போதும் டாக்னி. கல்லு தேஞ்சிடும்."

"தேயட்டும். அந்தம்மா குனிஞ்சு பார்ப்பா. போன மாசம் ஆலைக்காரன் வீட்டுல அடுப்புக்கு அடியில விரலை விட்டுப் பார்த்தாளாம்."

"அவன் குடிகாரன். இங்க என்ன இருக்கு பார்க்க?"

"இங்கயா? விஷம் தின்ன குழந்தையோட வீடு."

டாக்னி தலை நிமிராமல் சொன்னாள். வாளியில் துணியை முக்கிப் பிழிந்தாள். கைகள் முழங்கை வரை சிவந்திருந்தன. அடுப்பில் ருபார்ப் தண்டுகள் சர்க்கரையோடு வெந்து புளிப்பு வாடை வந்தது. அது உல்லாவுக்குப் பிடித்த பண்டம். வருகிறவளுக்கு வைக்க வேறு எதுவும் டாக்னிக்குத் தோன்றவில்லை.

சிக்னெ அந்த வீட்டின் மாடி அறையில் மூன்று வருடமாக இருக்கிறாள். காலையில் ஒன்பது கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து மாவட்ட ஆய்வகத்துக்குப் போவாள். பால், வெண்ணெய், கிணற்று நீர், சில சமயம் செத்த நாயின் வயிறு, எது வந்தாலும் அங்கே சோதிப்பார்கள். இன்றைக்கு அரை நாள் விடுப்பு. கேட்டபோது ஆய்வகத் தலைவர் முங்க் ஏன் என்று கேட்கவில்லை. தெற்கு ஃபியூன் தீவில் எல்லாருக்கும் எல்லார் வீட்டுச் சேதியும் தெரியும்.

வெளியே மே மாதக் கடைசி. ஆப்பிள் பூ உதிர்ந்து முடிந்திருந்தது. கடலிலிருந்து வந்த காற்று, புல்லில் கிடந்த பழுத்த இதழ்களைக் கொட்டில் சுவரோரம் ஒதுக்கியிருந்தது. பூ உதிர்ந்ததும் மரத்துக்கு மருந்து அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் காயில் புழு விழும். டாக்னியின் கணவன் எஸ்பென் அந்த வாரம் முழுவதும் மருந்துதான் அடித்துக்கொண்டிருந்தான்.

பதினோரு நாளுக்கு முன், திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு உல்லா முற்றத்திலிருந்து தள்ளாடிக்கொண்டு வந்தாள். நான்கு வயது. வாயோரம் எச்சில் ஒழுகியது. கண்ணின் கருமணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருந்தது. மூச்சு இழுத்தது. எஸ்பென் அவளை அள்ளி வண்டியில் போட்டுக்கொண்டு பறந்தான். மருத்துவர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார், தோட்டத்து மருந்து என்று. எப்படி வாய்க்குள் போனது என்பதை மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை.

இரண்டே வழிதான். ஒன்று, கிணறு. உல்லா எப்போதும் முற்றத்துப் பம்பின் வாயில் வாய் வைத்துக் குடிப்பவள். பெரியவர்களுக்கும் அந்த வாரம் தலைவலி இருந்தது, ஆனால் மருந்தடிக்கும் வாரத்தில் யாருக்குத்தான் தலை வலிக்காது? இன்னொன்று, மருந்து வைத்திருக்கும் கொட்டில். டாக்னி துணி உலர்த்தப் போன பத்து நிமிடம் குழந்தை கொட்டில் பக்கம் தனியாக இருந்தாள்.

முதல் இரண்டு நாள் எஸ்பென் கிணற்றைத்தான் சொன்னான்.

"நான்தான். தினம் சாயங்காலம் தெளிப்பானைப் பம்புகிட்ட வச்சுத்தானே கழுவறேன்? எம் பொண்ணுக்கு நானே ஊத்திக் குடுத்திருக்கேன்."

"அப்படிச் சொல்லாத எஸ்பென். தண்ணியச் சோதிக்கட்டும்" என்றாள் டாக்னி. "கொட்டிலுக்கு நான் தாழ்ப்பாள் போட்டேன். போட்டுட்டு இழுத்தும் பார்த்தேன்."

செவ்வாய்க்கிழமை ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் எடுத்தார்கள். அன்று மதியமே மருத்துவர் சொன்னபடி கிணற்றை இறைத்து வற்றடித்து, குளோரின் போட்டுத் தேய்த்துக் கழுவி, மறுபடி ஊற விட்டார்கள். அதனால் பழைய தண்ணீர் என்று உலகத்தில் மிச்சம் இருந்தது அந்த ஒரு பாட்டில்தான்.

வியாழக்கிழமை காகிதம் வந்தது. கிணற்று நீரில் பூச்சிமருந்து காணப்படவில்லை. கீழே சிக்னெவின் கையெழுத்து, அதற்கும் கீழே முங்கின் கையெழுத்து.

அன்றிரவு எஸ்பென் அடித்துப் போட்டதுபோல் தூங்கினான். மறுநாள் காலை கொட்டில் கதவில் ஒரு புதிய இரும்புத் தாழ்ப்பாள் இருந்தது. அவன் டாக்னியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தாழ்ப்பாளைத் திருகி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனான். டாக்னி சன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போனது.

*

மார்ச் மாதம் வரை ஆய்வகத்தில் எல்லாவற்றுக்கும் ஈதர்தான். தண்ணீரில் கரைந்திருக்கும் நஞ்சைத் தனியே எடுக்க வேண்டுமானால், தண்ணீரோடு சேராத ஒரு கரைப்பானை ஊற்றிக் குலுக்க வேண்டும். நஞ்சு தண்ணீரை விட்டு அதற்குத் தாவும். அடியில் குழாயுள்ள கண்ணாடிப் பிரிபுனலைக் குலுக்கித் தாங்கியில் நிறுத்தினால் இரண்டும் இரண்டு அடுக்காகப் பிரிந்து நிற்கும். ஈதர் லேசானது, மேலே நிற்கும். தண்ணீர் கீழே. குழாயைத் திறந்து கீழடுக்கை இறக்கி இடது பக்கத்து பீக்கரில் விடுவார்கள். நஞ்சோடு இருக்கும் மேலடுக்கு வலது பக்கம் போகும். இடது பக்கத்து பீக்கரை மூன்று மணிக் காபிக்கு முன்னால் ஹோல்கர் சிங்கில் கொட்டிக் கழுவிக் கவிழ்ப்பார். ஹோல்கர் அங்கே பதினோரு வருடமாக உதவியாளர்.

மார்ச்சில் ஒரு நாள் ஈதர் பாட்டிலின் மூடியைச் சுற்றி வெள்ளையாகப் பொடி பூத்திருப்பதை முங்க் பார்த்தார். எல்லாரையும் வெளியே போகச் சொன்னார். அந்தப் பொடியைத் திருகினால் வெடிக்கும். ராணுவத்திலிருந்து இரண்டு பேர் வந்து மணல் வாளியில் வைத்து எடுத்துப் போனார்கள்.

"இனிமே ஈதர் வேணாம்" என்றார் முங்க். "வேற ஒண்ணு பார்க்கணும். சிக்னெ, நீ பாரு."

சிக்னெவுக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் அந்த வருடம் கிடைக்கவில்லை. கூட்டத்தில் வாய் திறக்க முடியாதவள் அவள். பொருள்களோடுதான் அவளால் பேச முடியும். அளந்த நஞ்சைக் கிணற்று நீரில் கலந்து, ஒவ்வொரு கரைப்பானாக ஊற்றிக் குலுக்கினாள். ஹெக்சேன் சாதுவாகத் தண்ணீர்மேல் படுத்துக்கொண்டது, ஆனால் நஞ்சில் பாதியைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டது. குளோரோஃபார்ம் நன்றாக இழுத்தது. ஆனால் ஆவியாக அதிகச் சூடு கேட்டது, மாலையில் தலையும் கனத்தது. கடைசியில், தித்திப்பு வாடை அடிக்கும் டைகுளோரோமீத்தேன். தீப்பிடிக்காது. நாற்பது டிகிரியில் கொதித்துப் போய்விடும். இரண்டு குலுக்கில் இருக்கிற நஞ்சையெல்லாம் வாரிக்கொண்டு வந்துவிடும். மூன்றாவது குலுக்கில் எடுப்பதற்கு எதுவுமே இருக்காது. ஆனாலும் எச்சரிக்கைக்கு மூன்று முறை குலுக்கிச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுதினாள்.

ஒரே ஒரு வித்தியாசம். அது தண்ணீரைவிடக் கனம். கீழே நிற்கும்.

காபி மேசையில் இதைச் சொன்னபோது ஹோல்கர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"பதினோரு வருஷமா கீழ இருக்கறது தண்ணி. இப்ப மேல இருக்கறதுதான் தண்ணிங்கறே. நாளைக்கு என்னை உத்தரத்துல நடக்கச் சொல்லுவியா?"

"நடந்தா நல்லாத்தான் இருக்கும்" என்றார் முங்க். "தரை சுத்தமா இருக்கும். சிக்னெ, ஒரு அட்டை எழுதி சிங்குக்கு மேல ஒட்டிடு."

அவள் எழுதினாள். பெரிய எழுத்தில்: சரக்கு கீழடுக்கில். கொட்டாதீர்கள். ஒட்டப் போனபோது ஹோல்கர் பின்னால் வந்து நின்று படித்தார்.

"எனக்கா பண்டிதை, இது?"

"இல்ல... எல்லாருக்கும்."

"எல்லாரும்னா இங்க மூணு பேரு. ஒருத்தி எழுதினவ, ஒருத்தர் தலைவர்."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சிக்னெவுக்குக் காது மடல் வரை சூடேறியது. அட்டையை மேசை இழுப்பறையில் போட்டு மூடினாள். கீழடுக்கை எப்படியும் அவளே நேராகக் குடுவைக்குள் இறக்கிக்கொள்வாள், பீக்கருக்கே வேலை இல்லை. இரண்டு மாதம் அப்படித்தான் நடந்தது.

*

எஸ்பென் சாப்பாட்டுக்கு வந்தான். செருப்பைக் கழற்றி வாசலில் வைத்தான். கழுத்தில் மருந்து வாடை. கறுப்பு ரொட்டியில் புகையிட்ட பாலாடைக்கட்டியைத் தடவி, முள்ளங்கி வில்லைகளை வைத்துத் தின்றான். இன்னொன்று தடவி டாக்னியின் தட்டில் வைத்தான். அவள் தொடவில்லை.

"தின்னு. வெறும் வயித்துல அந்தம்மாகூட மல்லுக்கட்ட முடியாது."

"நான் எதுக்கு மல்லுக்கட்டணும்?"

"கேக்கறதுக்குப் பதில் சொல்லு, அதுக்கு மேல பேசாத. குளிர்காலம் வரைக்கும் உல்லா எங்கம்மாகிட்ட லாங்கெலான் தீவுல இருக்கட்டும்னு சொன்னாக்கூட, அது ஒண்ணும் உலகம் முடிஞ்சது இல்ல."

"ஆறு மாசம்."

"எங்கம்மா என்ன பேயா?"

"உங்கம்மாவுக்கு நான் துணி மடிக்கிறதே பிடிக்காது. அங்க போனா, உன் அம்மா உனக்கு விஷம் குடுத்தவன்னு சொல்லிச் சொல்லித்தான் கஞ்சி ஊத்துவா."

எஸ்பென் வாயிலிருந்ததை மென்று விழுங்கினான். பிறகு சிக்னெ பக்கம் திரும்பினான்.

"நீ என்ன, ரொட்டிய எடை போடறியா? ஆய்வகக்காரிக்கு இங்கயும் தராசு வேணுமா?"

சிக்னெ சிரிக்க முயன்றாள். சன்னலுக்கு வெளியே பம்பைப் பார்த்தாள். அதைச் சுற்றித் தரை ஈரமாக இருந்தது. நேற்று மாலையும் அவன் அங்கேதான் தெளிப்பானைக் கழுவினான். கிணற்றில் ஒன்றுமில்லை என்று காகிதம் வந்த பிறகு, பழைய இடத்துக்கே திரும்பிவிட்டான்.

"எஸ்பென்" என்றாள். "தெளிப்பானை வாய்க்கால் பக்கம் கொண்டுபோய்க் கழுவினா என்ன?"

"ஏன்? உன் காகிதம்தான் கிணறு சுத்தம்னு சொல்லுதே."

சிக்னெ தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

*

உல்லா விழுந்த வாரத்துப் புதன்கிழமை. பாட்டிலைப் பார்த்து முங்க் கேட்டார், "உன் வீட்டுத் தண்ணியாச்சே, நீயே செய்யணுமா?" அவருக்குக் கண்ணில் புரை, மூன்றடி தள்ளி இருப்பது தெரியாது. "வேற யாரு சார் இருக்கா?" என்றாள் சிக்னெ. வழக்கப்படி பாதித் தண்ணீரை முத்திரை வைத்து எடுத்துவைக்க வேண்டும். அவள் முழு லிட்டரையும் எடுத்துக்கொண்டாள். உல்லா விஷயத்தில் துளி நஞ்சுகூடத் தப்பக் கூடாது என்று.

தண்ணீரில் சேறு இருந்தது. குலுக்கியதும் இரண்டு அடுக்குக்கும் நடுவில் நுரைபோல ஒரு கலங்கல் நின்றுவிட்டது. அது தெளியட்டும் என்று, முதல் குலுக்கையும் இரண்டாம் குலுக்கையும் குடுவைக்குள் விடாமல் ஒரு பீக்கரில் இறக்கினாள். பீக்கரை எங்கே வைத்தோம் என்று அவள் யோசிக்கவில்லை. கை வைத்தது. ஆறு வருடமாகக் கீழடுக்கை வைத்துப் பழகிய இடத்தில் வைத்தது.

மூன்றாவது முறை கரைப்பான் ஊற்றிக் குலுக்கி நிறுத்தியபோது தொலைபேசி அடித்தது. டாக்னி.

"சிக்னெ! கண்ணத் தொறந்துட்டாடி! தண்ணி கேட்டா! 'சிக்னெ சித்தி எங்க'ன்னு கேட்டா!"

நடைவழியில் நின்று சிக்னெ அழுதாள். முகம் கழுவினாள். திரும்பி வந்தபோது ஹோல்கர் காபிக்குப் போயிருந்தார். மேசை துடைத்திருந்தது. இடது பக்கத்து பீக்கர் கழுவிக் கவிழ்த்திருந்தது. முதல் இரண்டையும் முன்பே குடுவையில் ஊற்றிவிட்டோம் என்று அவள் எண்ணிக்கொண்டாள். வெளிச்சம் படாமலிருக்கக் குடுவைக்குக் கறுப்புத் துணி சுற்றியிருந்தது, உள்ளே இருப்பது தெரியாது. மூன்றாவதை அதில் இறக்கினாள். வெந்நீர்த் தொட்டியில் வைத்தாள். சீக்கிரமே வற்றியது. மிச்சத்தைச் சோதனைத் தகட்டில் பொட்டு வைத்து, அதில் கரைப்பானை ஏற விட்டாள். நஞ்சு இருந்தால் மஞ்சளாகப் புள்ளி விழும். தகடு வெள்ளையாகவே இருந்தது.

அடுத்த புதன்கிழமை, உல்லா விழுந்த ஒன்பதாம் நாள், வேறொரு பண்ணையின் தண்ணீர். மூன்று குலுக்கு. குடுவை வற்ற இருபத்திரண்டு நிமிடம் ஆனது. எழுதுவதற்காகப் பதிவேட்டைப் புரட்டியவள் போன வாரத்துப் பக்கத்தில் நின்றுவிட்டாள். அவளுடைய எழுத்துதான். ஆவியாக எடுத்த நேரம்: ஏழு நிமிடம்.

ஏழு மூன்று இருபத்தொன்று. போன வாரம் குடுவையில் ஒரே ஒரு குலுக்குதான் இருந்திருக்கிறது.

"ஹோல்கர்" என்றாள் மாலையில். "போன புதன்கிழமை இடது பக்கம் ஒரு பீக்கர் இருந்துச்சா?"

"இருந்துது, கொட்டினேன். ஏன்?"

"சும்மா."

"சிங்க்ல ஒரு தித்திப்பு வாடை அடிச்சுது அன்னைக்கு. நீ ஏதாவது கொட்டினியான்னு நானே கேக்கணும்னு இருந்தேன்."

முங்கின் அறைக் கதவு வரை போனாள். அவர் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஏதோ படித்துக்கொண்டிருந்தார். கதவைத் தட்டக் கை எழவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வியாழக்கிழமை புதிய கிணற்று நீரை எடுத்துப் போய், மூன்று குலுக்கையும் எண்ணி எண்ணிச் சேர்த்துச் சோதித்தாள். சுத்தமாக இருந்தது. அது இந்த வாரத்துத் தண்ணீர். அந்தத் திங்கட்கிழமைத் தண்ணீரைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

*

லாசென் அம்மாள் சரியாக மூன்று மணிக்குச் சைக்கிளில் வந்தாள். பருத்த உடம்பு, பழுப்புத் தொப்பி. ஊர்க் குழந்தை நலக் குழுவுக்கு அவள்தான் தலைவி. அடுப்புக்கு அடியில் விரலை விடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

"இந்த எதிர்க்காத்துல வந்ததுக்கு நடந்தே வந்திருக்கலாம். ருபார்பா? அடடா, எதுக்கும்மா இதெல்லாம்?"

இரண்டு கரண்டி சாப்பிட்டுவிட்டுப் பையிலிருந்து காகிதங்களை எடுத்தாள். மேலே ஆய்வகக் காகிதம் இருந்தது. சிக்னெவுக்குத் தன் கையெழுத்து தலைகீழாகத் தெரிந்தது.

"குழந்தை திங்கட்கிழமை வெளிய வரலாம்னு ஆஸ்பத்திரியில சொல்றாங்க. எங்க வரணும்ங்கறத நாங்க எழுதிக் குடுக்கணும். உங்களைக் குத்தம் சொல்ல வரலை டாக்னி. எனக்கும் அஞ்சு பேரு, கண்ணு அசந்தா என்ன ஆகும்னு தெரியும். கிணத்துல ஒண்ணும் இல்லைன்னு ஆயிடுச்சு. அப்ப கொட்டில்தான். அன்னைக்கு என்ன நடந்துதுன்னு உள்ளபடி சொல்லிடுங்க."

டாக்னி மடியில் கைகளைக் கோத்திருந்தாள்.

"துணி காயப் போடப் போனேன். பத்து நிமிஷம் இருக்கும்."

"கொட்டில் கதவு?"

டாக்னி எஸ்பெனைப் பார்த்தாள். அவன் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தாழ்ப்பாள் போடல" என்றாள்.

சிக்னெ நிமிர்ந்தாள். "டாக்னி, நீ போட்டேன்னு சொன்ன. இழுத்துப் பார்த்தேன்னு சொன்ன."

"அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். ராத்திரி பூராவும் அதையேதான் யோசிக்கிறேன். கண்ணை மூடினா கதவு தொறந்துதான் இருக்கு. தண்ணியில இல்லைன்னா வேற எங்கேருந்து வரும்? நான்தான் போடாம விட்டிருக்கணும்." குரல் உடையாமல் வந்தது. அதுதான் கேட்கச் சகிக்கவில்லை. "எழுதிக்குங்க. அவ பாட்டிகிட்டயே இருக்கட்டும். என்கிட்ட வேணாம். என்னை நானே நம்ப முடியல."

லாசென் அம்மாள் பேனா மூடியைக் கழற்றினாள். மெதுவாக, வருத்தத்தோடு கழற்றினாள். "சரிம்மா. சொன்னது நல்லது. மனசு லேசாகும்."

"எழுதாதீங்க" என்றாள் சிக்னெ.

அவளுடைய குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. மூவரும் திரும்பினார்கள். இந்த வீட்டில் விருந்தாளி முன்னால் அவள் வாய் திறந்ததே இல்லை.

"என்ன சிக்னெ? காபி ஊத்து அவங்களுக்கு" என்றான் எஸ்பென்.

அவள் எழுந்து நின்றாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தக் காகிதம் சரியில்ல. மூணு தடவை குலுக்கணும். மூணையும் சேர்த்துத்தான் பார்க்கணும். இருக்கற விஷமெல்லாம் முதல் ரெண்டுலயே வந்துடும். அந்த ரெண்டையும் நான் இடது பக்கம் வச்சேன். அங்க வச்சா கொட்டிடுவாங்க. கொட்டிட்டாங்க. ஹோல்கர் மேல தப்பில்ல, ஒட்ட வேண்டிய அட்டைய நான் ஒட்டல. மிச்சம் இருந்த மூணாவத மட்டும் பார்த்துட்டு, இல்லைன்னு எழுதினேன்."

"இல்லைன்னா இல்லதானே?" என்றாள் லாசென் அம்மாள், புரியாமல்.

"கிணத்துல எவ்வளவு இருந்திருந்தாலும் மூணாவதுல ஒண்ணும் இருக்காது. அதுக்காகத்தான் அந்தக் கரைப்பானைத் தேர்ந்தெடுத்தேன்."

எஸ்பென் கோப்பையைக் கீழே வைத்தான். சன்னல் வழியாகப் பம்பைப் பார்த்தான். அவன் முகத்தில் இரத்தம் வற்றியது.

டாக்னி தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது. "எப்பத்திலிருந்து தெரியும்?"

"புதன்கிழமையிலேருந்து."

லாசென் அம்மாளின் பேனா காகிதத்துக்கு மேல் நின்றது. "ஒரே வரியில சொல்லும்மா" என்றாள். "நான் என்ன எழுதட்டும்?"

சிக்னெ அக்காவைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"நம்ம கிணத்துத் தண்ணிய நான் சோதிக்கவே இல்ல."